கண்ணின் வெள்ளையைப் பார்

சான் ஹசிந்தோ மேடு, லீமா
14 ஜனவரி 1999

அன்புள்ள அசுந்தா அக்காவுக்கு,

இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது நீ திடமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பொர்துனாத்தோ இன்னும் அதே மூன்று சக்கர வண்டியைத்தான் ஓட்டுகிறார். எனக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை.

உன் விலாசம் கிடைத்த கதையைக் கேள். சந்தையில் காட்டுக்கொட்டை விற்கும் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். தாவாமானு ஆற்றுப் பக்கத்திலிருந்து தனக்குச் சரக்கு வருகிறது என்றாள். நீ அந்தக் காட்டுப் பக்கம் போனதாக எப்போதோ காதில் விழுந்திருந்தது; அசுந்தா என்று யாராவது அங்கே உண்டா என்று கேட்டேன். "கொட்டைக் கூடாரத்துல சமைக்கிறாங்களே, குள்ளமா, வாயே தொறக்காத ஒரு அம்மா, அவங்களா?" என்றாள். குள்ளம் சரிதான். ஆனால் நம் வீட்டில் நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டிய ஒருத்தி இங்கே இருக்கிறாள். பெயர் யாதிரா. ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை. பேச்சு மட்டும் உன் பேச்சு.

அவளுக்குக் காசநோய், அக்கா. பொர்துனாத்தோவின் சித்தப்பா மகன் ஐந்து மாதம் எங்களோடு தங்கியிருந்தான், இருமிக்கொண்டே இருந்தான். அவனிடமிருந்து வந்திருக்கிறது. இந்த மாதம் நான்காம் தேதி மாத்திரை தொடங்கினார்கள். தினமும் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் ஒப்துலியாவின் கண்முன்னால் விழுங்க வேண்டும். அந்த அம்மா கண்டிப்பானவர், ஆனால் கெட்டிக்காரி. எல்லாம் ஒழுங்காகப் போகிறது.

இந்த நோயின் பெயரைச் சொன்னால் உனக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத வேண்டாம் என்று இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை
எர்மெலிந்தா


தாவாமானு ஆற்றங்கரை
9 பிப்ரவரி 1999

எர்மெலிந்தா,

கடிதம் வந்தது. நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகமும் அறிய விருப்பம். இது அறுவடைக் காலம். முப்பத்திரண்டு பேருக்குச் சமைக்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தினமும் காலையில் குழந்தையை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வா. விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதே, வானத்து வெளிச்சத்தில் பார். கீழ் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார். சிறுநீர் என்ன நிறம் என்று பார். சோறு வேண்டாம் என்று எத்தனை நாளாகச் சொல்கிறாள் என்று எண்ணு.

காரணம் கேட்காதே. செய்.

குழந்தைக்கு என் முத்தம்.

அசுந்தா


லீமா
2 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே பத்து நாளாக யாதிரா காலையில் மாத்திரை விழுங்கியதும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்ஸ் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாள். நான் ஒப்துலியாவிடம் சொன்னேன். "இது நோவு இல்லம்மா, நடிப்பு. ஆறு வயசுல எல்லாம் இப்படித்தான் ஜாலம் பண்ணும். நீ கொஞ்சாத, தானா சரியாயிடும்" என்றார். நானும் நம்பினேன். போன புதன்கிழமை, வாந்தி எடுத்ததற்காக அவளை ஒரு அடி அடித்தேன் அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை அவளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நல்ல வெயில். இமையை இழுத்தேன். முட்டையின் மஞ்சள் கரு மாதிரி இருந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்குற? என் கண்ணுல பூச்சியா?" என்று கேட்டாள்.

சட்டிக்குள் சிறுநீர் கழிக்கச் சொன்னேன். கறுப்புத் தேநீர்போல் இருந்தது.

காலில் செருப்பு இல்லாமல் நிலையத்துக்கு ஓடினேன். வரிசை நின்றது. நான் வரிசையைப் பார்க்கவில்லை. ஒப்துலியா மாத்திரைக் குப்பியைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு மாத்திரை கிடையாது. கண்ணப் பாருங்க" என்றேன்.

"அதை முடிவு பண்ண நீ யாரு? ஒரு நாள் விட்டாலும் கிருமி முழிச்சுக்கும். வீட்டுல மூலிகைத் தண்ணி எதாச்சும் ஊத்துனியா? உண்மையச் சொல்லு."

அதே கேள்வி. வேறு ஒரு வருடத்தில், வேறு ஒருத்தியைப் பார்த்துக் கேட்டது.

"எதுவும் ஊத்தல. நீங்க முதல்ல கண்ணப் பாருங்க, அப்புறம் என்னத் திட்டுங்க" என்று கத்தினேன். யாதிராவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஒப்துலியா குனிந்து பார்த்தார். அப்புறம் குப்பியை மூடிவிட்டார். அவரே டாக்ஸி பிடித்து எங்களோடு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ஈரல் வீங்கியிருக்கிறதாம். மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். காசநோய் தலையெடுக்காமல் இருக்க ஒரு ஊசியும், ஈரலைத் தொடாத வேறு ஒரு மாத்திரையும் மட்டும் கொடுக்கிறார்கள். வார்டின் பெரிய டாக்டர், "தண்ணியால வந்த மஞ்சள் காமாலை. உங்க மேட்டுல எல்லாப் பிள்ளைக்கும் வருதே" என்கிறார். எங்கள் தெருவில் உண்மையிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. எது என்று காட்டும் இரத்தச் சோதனைக்கு மருந்து தீர்ந்துபோய்விட்டதாம்.

இளம் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள், இர்மா என்று பெயர். அவள் மட்டும் என்னிடம் வந்து, "உங்க குடும்பத்துல வேற யாராச்சும் டி.பி. மாத்திரை சாப்பிட்டு மஞ்சளாயிருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது.

அக்கா, நீ எப்படி அந்த வரியை எழுதினாய்? உன் பிள்ளை வில்மெருக்கு என்ன நடந்தது? நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. கத்தினேன், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பதில் போடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எர்மெலிந்தா


லீமா
5 ஏப்ரல் 1999

அக்கா,

உனக்கு ஈஸ்டர் வாழ்த்து. நீ சுகமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் ஆயிற்று, பதில் இல்லை. ஆற்றில் வெள்ளமாக இருக்கும், படகு வந்திருக்காது என்று பொர்துனாத்தோ சொல்கிறார். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

இதைக் கொட்டை வியாபாரி ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் நாளைக்கு விமானத்தில் அங்கே வருகிறார்.

யாதிராவின் கண் வெளுத்துவிட்டது. கோழிச் சூப் குடிக்கிறாள். பக்கத்துக் கட்டில் பையனின் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் திருடித் தின்று திட்டு வாங்கினாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆனால் நெஞ்சுப் படத்தில் நோய் அப்படியே இருக்கிறது. ஊசியை வைத்து ரொம்ப நாள் ஓட்ட முடியாதாம்.

இந்த மாதம் பத்தொன்பது, திங்கட்கிழமை, பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒன்றாக, முழு அளவில் திரும்பத் தொடங்கப் போகிறார்கள். தண்ணீரால் வந்த காமாலை போய்விட்டது, இனிப் பயமில்லை என்பது பெரிய டாக்டரின் கணக்கு. டாக்டர் இர்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "எனக்கு மனசு ஒப்பல. மாத்திரைதான் காரணம்னா இது ஆபத்து. ஆனா வெறும் சந்தேகத்த வச்சு அவருகிட்ட நான் எப்படிப் பேசுறது? குடும்பத்துல இன்னொரு பிள்ளைக்கு நடந்ததுன்னு தேதியோட ஒரு விவரம் கிடைச்சா, நான் மேசையில வச்சுப் பேசுவேன்."

உன்னால் எழுத முடியாது என்றால் எழுத வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். சொல்ல மாட்டேன். எழுது.

எர்மெலிந்தா


தாவாமானு
9 ஏப்ரல் 1999

எர்மெலிந்தா,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். படகைக் குறை சொல்லாதே. உன் மார்ச் மாதக் கடிதம் மூன்று வாரமாக என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. நாலு முறை பதில் எழுதினேன். நாலையும் அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது. எழுதியதும் திரும்பப் படிக்காமல் வியாபாரியிடம் கொடுத்துவிடுவேன்.

டாக்டருக்குச் சொல். வில்மெருக்கு நாலு வயது. பதினைந்து கிலோ. 1986ஆம் வருடம் அக்டோபர் ஆறாம் தேதி மாத்திரை தொடங்கியது. ஐந்தாவது வாரம் வாந்தி. நவம்பர் பத்தாம் தேதி சிறுநீர் கறுத்தது. பன்னிரண்டாம் தேதி காலை கண் மஞ்சள். அன்றைக்கே நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த ஆள் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. "வெளிச்சத்துல உனக்கு அப்படித் தெரியுது. மாத்திரைய நிறுத்துனா பிள்ள செத்துடும், பழி உன்னோடது" என்றான்.

நான் நிறுத்தினேன். நானாகவே நிறுத்தினேன். மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டாம் நாள் வாந்தி நின்றது. நாலாம் நாள் உருளைக்கிழங்கு கேட்டான். ஐந்தாம் நாள், பதினேழாம் தேதி, தெருவில் பந்து உதைத்தான். பக்கத்து வீட்டுச் சுவரில் சேறு பட்டு அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

பதினெட்டாம் தேதி எல்லா மாத்திரையும் திரும்பக் கொடுக்கப்பட்டது. முழு அளவு. அப்புறம் தினமும். இருபத்தொன்றாம் தேதி கண் மறுபடி மஞ்சள், முன்னைவிட மோசம். இருபத்துநாலாம் தேதி என்னை அடையாளம் தெரியவில்லை. இருபத்தாறாம் தேதி போய்விட்டான்.

மூலிகை என்று ஊர் சொன்னது. நான் கொடுத்தது மூன்யா இலைத் தேநீர். நாம் எல்லோரும் சோற்றுக்கு அப்புறம் குடிக்கிறதுதான். வேறு எதுவும் கொடுக்கவில்லை. இதை நான் அப்போது சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

டாக்டருக்கு வேண்டியது நாட்கள்தானே. நாட்களை எழுதிவிட்டேன். வேறு எதுவும் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பத்தொன்பதாம் தேதிக்குள் இது வந்து சேர வேண்டும் என்று மண்டியிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் மண்டியிட்டேன்.

அசுந்தா


லீமா
21 ஏப்ரல் 1999

என் அக்கா,

நீ நலமா? நாங்கள் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன், நலம்.

உன் கடிதம் பதினைந்தாம் தேதி மத்தியானம் வந்தது. பாத்திரத்தைச் சோப்பு நுரையோடு அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். டாக்டர் இர்மா அதை நின்றுகொண்டே படித்தாள். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள். "நிறுத்துனதும் தேறியிருக்கான். திரும்பக் கொடுத்து மூணே நாள்ல விழுந்திருக்கான். உங்க அக்கா எந்த டாக்டரும் எழுதாததை எழுதியிருக்காங்க" என்றாள்.

மறுநாள் டாக்டர்கள் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் பெரிய டாக்டரின் குரல்தான் கேட்டது: "ஒரு சமையல்காரம்மாவோட லெட்டரா?" அப்புறம் வாசிப்பு. கடைசியில் அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். "உங்க பொண்ணுக்குத் திங்கட்கிழமை எல்லாத்தையும் கொடுக்கப் போறதில்ல. நான் அவசரப்பட்டேன்" என்றார். ஒரு பெரிய மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்போது ஒரே ஒரு மாத்திரையில் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை இரத்தம் எடுத்து ஈரலைப் பார்க்கிறார்கள். அது ஒத்துக்கொண்டால் அடுத்தது, அதுவும் கால் அளவில். ஒன்றை அடியோடு விட்டுவிடப் போகிறார்கள். யாதிராவின் இரத்தம், என்னுடையது, பொர்துனாத்தோவுடையது எல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகிறது. மருந்தை உடம்பு எப்படிக் கரைத்து வெளியேற்றுகிறது என்பது பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுமாம். உன் இரத்தமும் வேண்டும் என்கிறாள்.

இப்போது நீ எழுதாததை நான் எழுதுகிறேன்.

"பதினெட்டாம் தேதி திரும்பக் கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். யார் கொடுத்தது என்று எழுதவில்லை. நான்தான் கொடுத்தேன். பத்தொன்பது வயது எனக்கு. பள்ளியில் மூன்று மாதம் முதலுதவி வகுப்பு படித்த திமிர். "முட்டாள் மாதிரி பண்ணாத அக்கா, தள்ளு" என்று உன்னை ஒதுக்கிவிட்டு, மாத்திரையைப் பொடித்து, அவன் இரண்டு கையையும் என் முட்டிக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு கரண்டியால் ஊற்றினேன். "வேணாம் சித்தி" என்றான். தினமும் வந்தேன். எட்டு நாள். அடக்கம் செய்த அன்று கல்லறையில் எல்லோருக்கும் முன்னால், மூலிகை கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று உன்னைச் சொன்னதும் நான்தான்.

நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். ஏன் அக்கா? "நீதானே ஊத்துன" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எர்மெலிந்தா


தாவாமானு
6 மே 1999

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகம். குழந்தை இரண்டாவது மாத்திரையையும் தாங்கிக்கொண்டாளா? முதலில் அதை எழுது.

உன் கேள்விக்குப் பதில். நீ நல்லது என்று நினைத்துச் செய்தாய். என்னைவிட அதிகமாக அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்தது நீ. "நீதான் ஊற்றினாய்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், பத்தொன்பது வயதில் நீ அதைத் தூக்கிக்கொண்டு வாழ்ந்திருக்க மாட்டாய். எனக்கு ஏற்கெனவே பிள்ளை போய்விட்டான். தங்கையும் எதற்குப் போக வேண்டும்?

உடனே என்னைப் புனிதவதி ஆக்கிவிடாதே. முதல் இரண்டு வருடம் தினமும் உன்னைச் சபித்தேன். கொட்டையை உடைக்கும்போது உன் பெயரைச் சொல்லி உடைப்பேன். மூன்றாவது வருடம் கை வலித்தது, விட்டுவிட்டேன்.

மன்னிப்பெல்லாம் காகிதத்தில் கொடுக்க முடியாது. வருகிறேன். கூஸ்கோ வழியாக பஸ்ஸில் வருவேன். மலைப்பாதையில் எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. மாவு பிசைந்து வைக்காதே, உன் சமையல் எனக்குத் தெரியும். நான் வந்து சமைக்கிறேன்.

அசுந்தா


குழந்தைகள் மருத்துவமனை, லீமா
19 ஆகஸ்ட் 1999

மதிப்புக்குரிய அசுந்தா அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் ஊர் திரும்பிய பயணம் சிரமமில்லாமல் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கிருந்த மூன்று வாரத்தில் எங்கள் வார்டுக்கு நீங்கள் சமைத்துக் கொண்டுவந்த வாழைக்காய்க் கறியைப் பற்றித் தாதிகள் இன்னும் பேசுகிறார்கள்.

இரத்தச் சோதனையின் முடிவுகள் வந்துவிட்டன. நீங்கள் சமையல் செய்பவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். காசநோய் மாத்திரைகளில் முக்கியமான ஒன்றை ஈரல் கழுவி வெளியேற்ற வேண்டும். சிலருடைய ஈரல் அதைச் சுறுசுறுப்பாகக் கழுவிவிடும். சிலருடையது நிதானமாகக் கழுவும். நிதானமானவர்களுக்கு எல்லோருக்கும் கொடுக்கிற அளவையே கொடுத்தால் எச்சில் பாத்திரம் தேங்கிப்போகும். அந்தத் தேக்கம் சிலருக்கு ஈரலையே கெடுக்கிறது. இந்தச் சுபாவம் தாயிடமிருந்து ஒரு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்குமாக வருகிறது. யாதிராவுக்கு இரண்டு பங்கும் நிதானமானவை. உங்கள் தங்கைக்கும் அவர் கணவருக்கும் ஒவ்வொரு பங்கு. உங்களுக்கு இரண்டுமே.

உங்கள் மகனை இனிச் சோதிக்க வழியில்லை. அதனால் நிச்சயம் என்று நான் எழுத முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இதே மாத்திரையைச் சாப்பிட்டுக் குணமாகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய தேதிகளையும் இந்த முடிவையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் ஒன்றைத்தான் சொல்வார்: மூலிகை அல்ல, மருந்துதான். அவன் கண் மஞ்சளானபோது மருந்தை நிறுத்தியது சரி. அன்றைக்கு அந்த மேட்டில் சரியாகச் செய்த ஒரே ஆள் நீங்கள்.

இதை மருத்துவமனையின் முத்திரையோடு தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

உங்கள் உடல்நலத்தைப் பேணுங்கள்.

மரியாதையுடன்
டாக்டர் இர்மா


லீமா
23 டிசம்பர் 1999

அன்பின் அக்கா,

உனக்கும் கூடாரத்தில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாங்கள் மூவரும் கல்லுமாதிரி இருக்கிறோம். நீ?

நேற்றோடு முடிந்தது! நேற்றுக் காலை யாதிரா கடைசி மாத்திரையை விழுங்கினாள். நெஞ்சுப் படம் சுத்தம். ஈரல் சுத்தம். எடை இருபத்திரண்டு கிலோ. முன்பல் இரண்டும் முளைத்து முயல்போல் இருக்கிறாள்.

நிலையத்தில் நேற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சூடான சாக்லேட்டும் பழ ரொட்டியும் கொடுக்கிற நாள். மேடு முழுக்கக் கூடியிருந்தது. யாதிரா பெஞ்சின்மேல் ஏறி, மாத்திரையை வாயில் போட்டு, நாக்கை நீட்டி எல்லோருக்கும் காட்டினாள். "பாத்தீங்களா, போயிடுச்சு. இனிமே யாரும் என்ன முறைக்கக் கூடாது" என்று ஒப்துலியாவைப் பார்த்துச் சொன்னாள். கூட்டம் கைதட்டி விசில் அடித்தது. பொர்துனாத்தோ வண்டி ஹாரனைக் கை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

அப்போது ஒப்துலியா எழுந்து நின்றார். அந்த அம்மா பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "இந்தப் பொண்ணு வாந்தி எடுத்தப்ப நடிக்கிறான்னு சொன்னவ நான்தான். எல்லாரும் கேட்டுக்குங்க. அவங்க அம்மா வரிசைய ஒடைச்சுக்கிட்டு வந்து என் முன்னாடி கத்துனாங்க. கத்தலன்னா இன்னிக்கு இங்க ரொட்டி திங்க இவ இல்ல. இனிமே யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வரிசைய ஒடைங்க. நான் திட்டுனாலும் ஒடைங்க" என்றார்.

மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு பிள்ளையையும் வாரா வாரம் அவரே வாசலுக்குக் கூட்டிப்போய் இமையை இழுத்துப் பார்க்கிறார். ஏப்ரலிலிருந்து இந்த மேட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் நேற்று சாக்லேட்டுக்கு அடித்துக்கொண்டன.

இன்னொன்று. கூட்டம் கலைவதற்கு முன் நான் பேசினேன். நம் பழைய ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், கல்லறைக்கு அன்று வந்தவர்கள். "என் அக்கா அசுந்தா பிள்ளையைக் கொல்லல. அவ சரியாத்தான் செஞ்சா. கெடுத்தது நான். அன்னிக்குச் சொன்ன பொய்ய இன்னிக்கு எடுத்துக்கிறேன்" என்றேன். டாக்டர் எழுதிய தாளின் நகலை வாசித்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, அந்தச் சுவர்க்காரிதான், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இந்த மேட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெரியம்மா எப்போது வருவாள் என்று பெரிய மனுஷி கேட்கச் சொல்கிறாள்.

உன்
எர்மெலிந்தா


தாவாமானு
20 பிப்ரவரி 2000

என் எர்மெலிந்தாவுக்கும் பொர்துனாத்தோவுக்கும் யாதிராவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு, கேள்.

ஆற்றின் மேல்பக்கக் கூடாரத்தில் கொட்டை பொறுக்கும் ஒருவனின் மனைவி, லுஸ்மிலா என்று ஒரு சின்னப் பெண். அவள் மகளுக்கு ஐந்து வயது. காசநோய்க்கு மாத்திரை கொடுக்கிறார்கள். ஜனவரி கடைசியில் அவள் உப்பு கேட்டு என் அடுப்படிக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. கஞ்சியை நீட்டினேன், குழந்தை திரும்பிக்கொண்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அதை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மஞ்சள்.

சுகாதாரத் தொண்டன் ஒரு இளைஞன், படகில் வாரம் ஒருமுறை வருவான். அன்றைக்கு வந்திருந்தான். "நிறுத்தக் கூடாதும்மா, விதி இருக்கு. உங்களுக்கு என்ன தெரியும்?" என்றான்.

என் கூடாரத்தில் முப்பத்திரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வருடமாக என் குரலை அவர்கள் சரியாகக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

"எனக்கு என்ன தெரியும்னா கேக்குற? உக்காரு, சொல்றேன்" என்று முத்திரை போட்ட தாளை அவன் முன்னால் விரித்தேன். தேதி தேதியாகச் சொன்னேன். எல்லாத் தேதியும். பதினெட்டாம் தேதியை யார் என்று சொல்லாமல்தான் சொன்னேன், பயப்படாதே. அவன் நல்ல பையன். முடியும்வரை கேட்டான். பிறகு எழுந்து, "படகை எடுங்க" என்றான்.

நானும் கூடப் போனேன். இரண்டு நாள் ஆற்றில் போய் நகர ஆஸ்பத்திரி சேர்ந்தோம். நிறுத்தினார்கள். டாக்டர் இர்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, உன் மகளுக்குச் செய்ததுபோலவே ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். பதினெட்டு நாள் அங்கேயே இருந்தேன். முந்தாநாள் அந்தக் குழந்தை வறுத்த வாழைப்பழம் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டியது.

திரும்பி வரும் படகில் லுஸ்மிலா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை எங்கள் இருவர் மடியிலும் கால் நீட்டித் தூங்கியது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க அக்கா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை இந்த ஆற்றில் என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். யாரும் இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

"ஒரு பையன். பேரு வில்மெர். நல்லாப் பந்து ஒதைப்பான்" என்றேன்.

அவள் மேலும் கேட்டாள். படகு கரை சேரும்வரை அவனைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எல்லோருக்கும் என் முத்தங்கள்.

உன் அக்கா
அசுந்தா